காவலுக்கும் ஒரு காவல்

பயிரைக் காத்தற்பொருட்டு உழவன் வேலி இடுகின்றான். ஆடுமாடுகள் புகாதவாறு முள்ளை நெருக்கி அடைக்கின்றான். காவலுக்கு நின்ற அவ்வேலியே பயிரை மேயத் தொடங்குமாயின், அவன் யாரிடம் சென்று முறையிடுவான்? ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்னும் பழமொழி, காக்க வேண்டியவரே அழிக்கத் தலைப்படும் கொடுமையைக் குறிக்க வழங்குவது. உலகியலில் காணப்படும் இக்கொடுமை மாந்தர் உடலினுள்ளும் நிகழ்வதுண்டு. அது நிகழாதவாறு இயற்கை அமைத்துள்ள ஏற்பாட்டை ஆராய்ந்து கண்டவர்களுள் தலைசிறந்தவர், ஜப்பான் நாட்டு மருத்துவ அறிஞர் ஷிமோன் சகாகுச்சி என்பவர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த ஒரு பொருளையே பற்றி நின்று ஆராய்ந்தார்.

அவருடைய பணியின் அருமையை உணர்வதற்கு, உடலின் காவல்முறையை முதலில் அறிதல் வேண்டும். நோயை விளைக்கும் நுண்ணுயிர்கள் நாள்தோறும் உடலுள் புக முயல்கின்றன. அவற்றை எதிர்த்து நிற்கும் படையே குருதியிலுள்ள வெள்ளணுக்கள். அப்படையுள் ‘டி உயிரணுக்கள்’ எனப்படுவன சிறப்பிடம் பெற்றவை. எலும்பு மச்சையில் தோன்றும் இவை, மார்பெலும்பின் பின்னே அமைந்துள்ள தைமஸ் என்னும் சுரப்பியை அடைந்து, அங்கே முதிர்ச்சி பெறுகின்றன. நெடுங்காலம் பயனற்றதென்று கருதப்பட்ட அச்சுரப்பியே இவ்வுயிரணுக்களின் பயிற்சிக்கூடம் என்பதை 1961-ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார்.

ஒவ்வொரு டி உயிரணுவின் மேற்புறத்திலும், அயற்பொருளைத் தொட்டறியும் ‘ஏற்பி’ என்னும் உறுப்பு உண்டு. இனி வரப்போகும் பகைவன் எத்தகைய உருவினன் என்று முன்கூட்டியே அறிதல் இயலாது. ஆகலின், இயற்கையானது எண்ணிறந்த வடிவுகளில் இவ்வேற்பிகளை ஆக்கி வைத்துள்ளது. பகைவரை அறிதற்கு இது சிறந்த வழியே. எனினும், இதனால் ஓர் இடரும் விளைகின்றது. அவ்வடிவுகளுட் சில, உடலின் சொந்த உறுப்புகளையே பகையென்று பற்றிக்கொள்வனவாக அமைந்துவிடுகின்றன. அத்தகைய உயிரணுக்களைத் தைமஸ் சுரப்பி ஆராய்ந்து அழித்துவிடுகின்றது. ஆயினும் அத்தேர்வுக்குத் தப்பி வெளியேறுவனவும் உள. தப்பியவை ஏன் எல்லாருடைய உடலையும் அழித்துவிடவில்லை? அவற்றைத் தடுத்து நிறுத்துவது எது? சகாகுச்சியார் விடை தேடியது இவ்வினாவுக்கே.

அவர் 1951-ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டின் மிகப் பெரிய ஏரியாகிய பிவா ஏரியின் கரையிலுள்ள நாகஹாமா என்னும் ஊரில் பிறந்தார். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1976-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஐச்சிப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த நிஷிசுகா, சகாகுரா என்னும் இருவர் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்த ஆராய்ச்சிச் செய்தியொன்று அவர் கருத்தைக் கவர்ந்தது.

அச்செய்தி வியப்புக்குரியது. பிறந்து மூன்று நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அவ்விருவரும் அறுத்து நீக்கினர். அக்குட்டிகள் வளர்ந்தபோது, பெண்ணெலிகளின் சூலகங்கள் சிதைந்துபோயிருந்தன. முதலில் இதனை ஒரு வளர்ச்சிக் குறை என்றே எண்ணினர். பின்னர் ஆராய்ந்தபோது உண்மை வேறாகத் தோன்றிற்று. எலிகளின் சொந்தக் காவற்படையே சூலகத்தையும், தைராய்டுச் சுரப்பியையும், இரைப்பையையும் தாக்கி அழித்திருந்தது. படையைப் பயிற்றும் சுரப்பியை நீக்கினால் படை வலிகுன்றுதல் அன்றோ இயல்பு? இங்கேயோ, படை வரம்பு கடந்து தன் நகரையே சூறையாடிற்று. அதே சுரப்பியை ஒரு வாரம் கழித்து நீக்கினால் இத்தீங்கு விளையவில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே அச்சுரப்பியினின்று வெளிப்படுவது யாது? இவ்வினா இளைஞராகிய சகாகுச்சியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கியோட்டோவில் தொடங்கியிருந்த மேற்படிப்பை விட்டு, நகோயா நகரிலிருந்த அப்புற்றுநோய் மையத்திற்குச் சென்று, நிஷிசுகாவிடம் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்தார்.

அங்கே அவர் ஓர் எளிய சோதனையை நிகழ்த்தினார். சுரப்பி நீக்கப்பட்ட குட்டிகளுக்கு, நலமுடைய முதிர்ந்த எலிகளிடமிருந்து எடுத்த டி உயிரணுக்களைச் செலுத்தினார். குட்டிகள் நோயுறவில்லை. 1982-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டியது. டி உயிரணுக்களுள் தாக்குவன மட்டுமல்ல, தாக்குதலைத் தடுப்பனவும் உள. தாக்குவன பிறந்த சில நாட்களிலேயே சுரப்பியினின்று வெளியேறிவிடுகின்றன. தடுப்பன சற்றுப் பின்னரே புறப்படுகின்றன. மூன்றாம் நாளில் சுரப்பியை நீக்கியபோது, போர் மறவர் வெளியே இருந்தனர். அவரை அடக்கியாளும் தலைவர் வந்து சேரவில்லை. இதுவே அவர் கண்ட விளக்கம்.

1985-ஆம் ஆண்டில் அவர் மற்றொரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சுரப்பியை அறுத்தல் என்னும் வழியை விடுத்து, நலமுடைய எலியின் டி உயிரணுக்களினின்று ஒரு பகுதியை மட்டும் பிரித்து நீக்கி, எஞ்சியவற்றை டி உயிரணுக்கள் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அவ்வெலிகள் தம் உறுப்புகளையே தாம் அழித்துக்கொள்ளும் நோயை அடைந்தன. ஆகவே, நலமுடைய உடலிலும் பகைக்கு வித்து உண்டு. அதனை அடக்கும் காவலும் உண்டு என்பது தெளிவாயிற்று. ஆயினும் அவர் பிரித்தெடுத்த பகுதி பலவகை உயிரணுக்கள் கலந்த கூட்டமாகவே இருந்தது. ‘காவலர் இக்கூட்டத்துள் இருக்கின்றனர்’ என்று கூற முடிந்ததேயன்றி, ‘இவரே அவர்’ என்று சுட்டிக் காட்ட முடியவில்லை.

இந்நிலையில் அறிஞருலகின் போக்கு அவருக்கு மாறாகத் திரும்பியது. 1970-ஆம் ஆண்டு முதலாக, ‘அடக்கும் டி உயிரணுக்கள்’ என்பதைப் பற்றிப் பலர் ஆராய்ந்து வந்தனர். அவர்களுட் சிலர், அவ்வுயிரணுக்களுக்கு உரிய மரபணு இன்ன இடத்தில் இருக்கின்றது என்று கணித்துக் கூறியிருந்தனர். 1980-களின் தொடக்கத்தில், மரபுப்பொருளை நேரே படித்தறியும் முறை வந்தபோது, குறித்த இடத்தில் அத்தகைய மரபணு எதுவும் காணப்படவில்லை. கட்டிய கோபுரம் அடித்தளமின்றிச் சரிந்தது. அத்துறையை விட்டுப் பலரும் விலகினர். ‘அடக்கும் உயிரணு’ என்னும் பெயரைக் கூறுவதே நகைப்புக்கு இடமாயிற்று. அப்பெயரோடு தொடர்புடைய எவ்வாராய்ச்சியையும் ஐயத்தோடு நோக்கும் நிலை உண்டாயிற்று.

அக்காலத்தில்தான் சகாகுச்சியார் அமெரிக்கா சென்றார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஸ்டான்போர்டு முதலிய பல்கலைக்கழகங்களில் இருந்து தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுநாள் உதவி வழங்கிய லூசில் மார்க்கி அறக்கட்டளையின் பொருளுதவி அவருக்குத் துணையாயிற்று. கூட்டம் கலைந்த துறையில் அவர் தனித்து நின்றார். மருத்துவரான அவர்தம் மனைவியாரும் ஆராய்ச்சியில் அவருக்குத் தோள் கொடுத்தார்.

ஊரெல்லாம் ஒரு வழியே செல்லுங்கால், ஒருவர் மட்டும் வேறு வழியில் நிற்பது எளிதன்று. அவ்வாறு நிற்பவர் எல்லாரையும் போற்றுதலும் தகாது. தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பாரும் அவ்வாறே தனித்து நிற்கின்றனர். உறுதியையும் பிடிவாதத்தையும் பிரித்தறிய வழி என்ன? பிடிவாதம் தன் கருத்தைப் பற்றி நிற்கும். உறுதி, கண்ட சான்றைப் பற்றி நிற்கும். பிறர் கூறிய மரபணு பொய்யாயிற்று என்பது உண்மையே. ஆனால், மூன்றாம் நாளில் சுரப்பியை இழந்த எலி நோயுற்றதும், டி உயிரணுக்களைப் பெற்ற எலி பிழைத்ததும் பொய்யாகவில்லை. எத்தனை முறை செய்து பார்ப்பினும் அச்சோதனை அதே விடையையே கூறிற்று. விளக்கம் தவறாயிருப்பின் விளக்கத்தை மாற்றலாம். கண்முன் நிகழ்வதை இல்லையென்று தள்ளலாகாது. சகாகுச்சியாரைத் துறையில் நிறுத்தியது இத்தெளிவே.

1990-களின் தொடக்கத்தில் அவர் தாயகம் திரும்பினார். காவலுயிரணுவைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் அடையாளத்தைத் தேடினார். உயிரணுக்களின் மேற்புறத்தில் பலவகைப் புரதங்கள் உண்டு. படைமறவர் அணியும் இலச்சினைகள் போல அவை உயிரணுவின் வகையைக் காட்டுவன. ஒவ்வோர் இலச்சினையாக ஆராய்ந்து சென்ற அவர், ‘சி.டி. 25’ எனப்படும் ஒன்றைக் கண்டார். உடலைத் தாக்கவும் காக்கவும் துணைபுரியும் ஒருவகை டி உயிரணுக்களுள், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆனவை இவ்விலச்சினையை உடையன. அவற்றை மட்டும் நீக்கி எஞ்சியவற்றைச் செலுத்தியபோது, எலிகளின் தைராய்டும் இரைப்பையும் சூலகமும் பிறவும் தாக்குண்டன. நீக்கியவற்றைக் காலம் தாழ்த்தாது திரும்பச் சேர்த்தபோது, நோய் தோன்றவில்லை. 1995-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. 1985-இல் கூட்டமாகக் காட்டப்பட்ட காவலர், பத்தாண்டு உழைப்பின் பின்னர்ப் பெயரும் அடையாளமும் பெற்றனர். ‘ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள்’ என்று அவை வழங்கலாயின.

உடனே எல்லாரும் ஏற்றுக்கொண்டாரல்லர். முன்பு ஒருமுறை ஏமாந்தவர் மீண்டும் நம்பத் தயங்குவது இயல்பே. ஆயினும் வேறு ஆய்வுக்கூடங்களிலும் அதே முடிவுகள் கிடைக்கலாயின. 2001-ஆம் ஆண்டில், மாந்தர் குருதியிலும் இத்தகைய உயிரணுக்கள் இருத்தலைப் பல குழுவினர் காட்டினர். அதே ஆண்டில், எதிர்பாராத திசையிலிருந்து மற்றொரு சான்று வந்தது.

அமெரிக்க நாட்டு டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்னும் ஊரில், கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே 1940-களில், செதிள் செதிளாகத் தோல் உரியும் சில ஆண் சுண்டெலிகள் பிறந்தன. அவற்றின் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் பெருத்திருந்தன. அவை சில வாரங்களே உயிர் வாழ்ந்தன. அந்நோய் வழிவழியாக வருவது என்பதையும், அதன் காரணம் ‘எக்ஸ்’ என்னும் குரோமோசோமில் உள்ளது என்பதையும் மட்டுமே அக்காலத்தார் அறிந்தனர். அரை நூற்றாண்டு கழித்து, வாஷிங்டன் மாநிலத்து மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மேரி பிரன்கோ அம்மையாரும், பிரெட் ராம்ஸ்டெல் என்பவரும் அம்மரபணுவைக் காண முற்பட்டனர். அந்தக் குரோமோசோமில் ஏறத்தாழப் பதினேழு கோடி எழுத்துகள் உள்ளன. பல்லாண்டு முயன்று, அவ்விருவரும் தேட வேண்டிய பகுதியை ஐந்து லட்சம் எழுத்துகளாகச் சுருக்கினர். அப்பகுதியில் இருபது மரபணுக்கள் இருக்கக்கூடும் என்று கண்டு, ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினர். பத்தொன்பதிலும் பிழையில்லை. இருபதாவதில்தான் பிழை வெளிப்பட்டது.

அப்பிழை யாது? இரண்டே எழுத்து மிகையாக இருந்தது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் செய்யுளின் நடுவே இரண்டு எழுத்துகளை மிகையாக எழுதிவிட்டால், அதன்பின் சீர் பிரியும் இடமெல்லாம் மாறிப் பொருள் கெடும். அது போலவே இங்கும் அம்மரபணுவின் பொருள் கெட்டது. ‘ஃபாக்ஸ் பி-3’ என்று அதற்குப் பெயரிட்டனர். சில ஆண் குழந்தைகளை இளமையிலேயே வாட்டும் கொடிய நோய் ஒன்று உண்டு. ஓயாத வயிற்றுப்போக்கும், நீரிழிவும், தோல்நோயும் ஒருங்கே தோன்றிப் பலரை மாய்ப்பது அது. அக்குழந்தைகளிடமும் அதே மரபணு பழுதுபட்டிருத்தல் 2001-ஆம் ஆண்டில் தெரியவந்தது.

சகாகுச்சியார் இவ்விரண்டு செய்திகளையும் இணைத்துப் பார்த்தார். 2003-ஆம் ஆண்டில், தாம் கண்ட காவலுயிரணுக்களின் ஆக்கத்தை ஆள்வது ஃபாக்ஸ் பி-3 மரபணுவே என்பதை அவரும் அவர்தம் மாணாக்கரும் நிறுவினர். சாதாரண டி உயிரணுவில் அம்மரபணுவைச் செயற்படச் செய்தால், அதுவும் காவலுயிரணுவின் தன்மையை அடைந்தது. ராம்ஸ்டெல் குழுவினரும் பிறரும் அதே ஆண்டில் இவ்வுண்மையைக் கண்டனர். எலியின் சுரப்பியில் தொடங்கிய பாதையும், தோல் உரிந்த எலியில் தொடங்கிய பாதையும் ஓரிடத்தில் வந்து கூடின.

இக்காவலுயிரணுக்கள் தம் கடமையைச் செய்யும் முறை என்ன? உயிரணுக்கள் வாய் திறந்து பேசுவதில்லை. வேதிப் பொருள்களைத் தூதாக விடுத்தும், ஒன்றையொன்று தொட்டும் அவை செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ‘இன்டர்லூக்கின்-2’ என்பது டி உயிரணுக்களைப் பெருகச் செய்யும் தூதுப்பொருள். சி.டி. 25 என்னும் இலச்சினை, உண்மையில் அத்தூதுப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் ஒரு பகுதியே. காவலுயிரணுக்கள் அதனை மிகுதியாக உடைமையால், தூதுப்பொருளைத் தாமே உண்டு, தாக்கும் உயிரணுக்களுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்கின்றன. படைக்கு உணவு குறைந்தால் போர் தணிவது போல, தாக்குதல் தணிகின்றது. மேலும், பகைப்பொருளைக் காட்டிப் படையை எழுப்பும் வேறு உயிரணுக்களை, ‘சி.டி.எல்.ஏ.-4’ என்னும் புரதத்தால் பற்றி, அவற்றின் எழுச்சிக் குறிப்பைத் தணிக்கின்றன. இப்புரதம் காவலுயிரணுக்களின் செயலுக்கு இன்றியமையாதது என்பதைச் சகாகுச்சியார் குழுவினர் 2008-ஆம் ஆண்டில் விளக்கினர்.

செய்தி கடத்தும் நெறியில் சிறுபிழை நேரினும் பெருந்தீங்கு விளையும் என்பதற்கு, அவருடைய ஆய்வுக்கூடமே ஒரு சான்று தந்தது. அங்கு வளர்ந்த எலிகளுட் சில, மூட்டுகள் வீங்கி முடங்கின. மாந்தரை வருத்தும் முடக்குவாதத்தை அந்நோய் ஒத்திருந்தது. ‘ஸாப்-70’ என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருத்தலே அதன் காரணம் என்று 2003-ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்டனர். டி உயிரணுவின் ஏற்பி பெற்ற செய்தியை உள்ளே கொண்டு செல்வது அப்புரதம். அது தளர்ந்தமையால், தைமஸ் சுரப்பியில் அழிய வேண்டிய தீய உயிரணுக்கள் தேர்வுக்குத் தப்பி வெளியேறின.

இவ்வாராய்ச்சியின் பயன் ஏட்டோடு நிற்பதன்று. தன் உடலையே தாக்கும் நோயுடையார்க்குக் காவலுயிரணுக்களை மிகுவித்தல் நலம் தரலாம். ஒருவர்க்குப் பிறர் உறுப்பைப் பொருத்துங்கால், அதனை உடல் தள்ளிவிடாதிருக்கவும் அவை உதவலாம். புற்றுநோயிலோ நிலைமை நேர்மாறானது. கட்டியின் உள்ளே இக்காவலுயிரணுக்கள் திரண்டு நின்று, அதனை அழிக்க வரும் படையைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே அங்கே அவற்றைக் குறைக்க முயல்கின்றனர். இம்முறைகள் பலவும் நோயாளரிடத்தே சோதிக்கப்பட்டு வருகின்றன. மிகினும் தீது, குறையினும் தீது என்னும் மருத்துவ நெறி இங்கும் பொருந்துகின்றது.

டோக்கியோ நகரின் முதுமையியல் ஆய்வுநிலையத்திலும், 1999-ஆம் ஆண்டு முதல் கியோட்டோ பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஒசாகா பல்கலைக்கழகத்திலும் சகாகுச்சியார் பணியாற்றினார். 2015-ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் கெய்ர்ட்னர் பரிசும், 2017-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கிராபோர்டு பரிசும் அவரை அடைந்தன. 2025-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு, அவருக்கும் பிரன்கோ அம்மையாருக்கும் ராம்ஸ்டெலுக்கும் ஒருங்கே வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை எழுபத்து நான்கு. நிஷிசுகாவின் சோதனைக்கூடத்தை அவர் நாடிச் சென்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

பரிசு பெற்றமையால் மட்டும் அவர் பெரியவராகவில்லை. பரிசு கிடையாதிருந்திருப்பினும் அவர் கண்ட உண்மை உண்மையாகவே இருந்திருக்கும். புகழும் பொருளும் வேறு துறைகளில் காத்திருந்த காலத்தில், பிறர் கைவிட்டுப் போன வினாவை அவர் கைவிடவில்லை. அதே வேளையில், பிறர் நம்பவில்லை என்று சினந்து சொற்போர் தொடுக்கவும் இல்லை. நம்பத்தக்க சான்றைத் தேடித் தருவதே தம் கடமை என்று கொண்டார். வலிமையைப் பெருக்குவதற்கு வழி கண்டோர் உலகில் மிகப் பலர். வலிமை தன்னையே அழிக்காதவாறு அடங்கி நிற்கும் வழியை ஆராய்ந்தோர் சிலரே. உடலினுள் நொடிதோறும் நடைபெறும் அவ்வடக்கத்தின் அருமையை எண்ணிப் பார்க்கும் மாணவர், தாம் நலத்துடன் இருப்பதே எத்துணைப் பெரிய ஏற்பாட்டின் பயன் என்பதை உணர்வர்.